ஒரு கையால் தூக்க முடிகிற சாமான்

எங்கள் வீட்டில் ஒரு கையால் தூக்க முடிகிற எந்தச் சாமானும் ரொம்ப நாள் முழுசாக இருந்ததில்லை. டேபிள் ஃபேன், சுவர்க் கடிகாரம், மிக்ஸி ஜார், ரேடியோ என்று எல்லாம் ஒரே வழியாகத்தான் போயின. நைனாவின் கையிலிருந்து கிளம்பி எதிர்ச் சுவரில் போய் முடிகிற வழி. ஒரு தடவை குக்கர் நிலைக்கட்டையில் பட்டு, மரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த ஏசு படத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. அதற்குக் கீழே இருந்தது எதுவும் மிஞ்சவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கனரக வண்டிகள் செய்கிற ஃபேக்டரியில் வெல்டர். குடிக்காத நாளில் அவரைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை நம்ப மாட்டார்கள். மைசூர் மைன்ஸ் லைனில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் அந்த வரிசை வீடுகளில், யார் வீட்டு கேட் உடைந்தாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்த வைத்துவிட்டு, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு வருவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த ஆள் இருக்க மாட்டார். அவருடைய கைதான் வீட்டுக்கு வரும், பின்னாலேயே அவர் வருவார்.

அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். உள் சுவரில் ஒரு பலகை அடித்து, அதில் ஏற்கெனவே நசுங்கிப்போன சாமான்களை அடுக்கியிருந்தாள். விளிம்பு நசுங்கிய அலுமினிய டேக்சாப் பாத்திரம், எனாமல் போன தட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத ஃப்ளாஸ்க். சந்து முனையில் நைனாவின் செருப்புச் சத்தம் கேட்டதும், அந்த டேக்சாவை எடுத்து வாசல்படி ஓரம், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிடுவாள். அவர் உள்ளே வந்து, ஏதாவது ஒரு காரணத்துக்குக் கத்தி, அதைத் தூக்கி அடிப்பார். அது சுவரில் மோதி, தரையில் உருண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடும். அதற்குப் பிறகு அவர் படுத்துவிடுவார். "அவரு கைக்கு எதுனா ஒண்ணு வோணும். அது நாமளா இல்லாம பாத்துக்கணும், அவ்ளோதான்" என்பாள் அம்மா. அந்தப் பலகை வருவதற்கு முந்தைய காலத்துத் தழும்பு அவள் புருவத்துக்கு மேல் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். லைன் வீடுகள் எல்லாமே அப்படி. அந்தப் பக்கத்து அக்கா ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் சொன்னாள்: "உங்க வூட்ல பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டா நான் நிம்மதியா சோறு துன்னுவேன் கண்ணு. சத்தம் வரலைனாதான் எனுக்கு சோறே எறங்காது."

மனிதர்கள் போகிற போக்கில் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகள் எனக்குப் பிடிக்கும். பி.யூ.சி.யோடு என் படிப்பு நின்றது. மீதி எல்லாம் கேட்டுக் கேட்டு வந்ததுதான். கம்ப்யூட்டரும் அப்படியே. மாரிகுப்பத்தில் காலை ரயிலேறி ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறவள் நான். வேலை, போனில் மற்றவர்களின் புகாரைக் கேட்பது. அங்கே கூட வேலை செய்கிற ஒருத்தியின் அறையில்தான் முதல்முதலாக அந்தத் துப்பாக்கி ஆட்டத்தை ஆடினேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது வந்தது. ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்கிற ஆட்டம் அது. நான் பிறந்ததிலிருந்து ஆடுவது.

ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு டீம் ஆனோம். பெங்களூரில் ஒரு போட்டி வந்தது. தகுதிச் சுற்றுகளை அவரவர் வீட்டிலிருந்தே ஆட வேண்டும். சொந்த மெஷின் இருந்தால் நீ, இல்லையென்றால் வேறு ஒருத்தி என்று டீமில் பிரியமாகவே சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை. என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்கிறேன் என்று நான்கு பேர் சொன்னது அந்த ஒன்றுதான்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடை. கடைக்காரர் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரே விலைக்கு டெஸ்க்டாப்பில் பெரிய கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும், சூடாகாது, நாளைக்கு ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம் என்றார். முக்கியமாக, சயனைடு மேட்டு மண். காற்றடிக்கிற மாசத்தில், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய அந்தப் பழைய மண்மேட்டிலிருந்து மாவு மாதிரி கிளம்பி வந்து எங்கள் ஊரில் சோற்றுப் பானைக்குள்ளும் உட்காரும். லேப்டாப்பின் சின்ன ஃபேனில் அது அடைத்தால் கதை முடிந்தது. டெஸ்க்டாப் என்றால் கதவைக் கழற்றி ஊதிவிடலாம். ஆனால் லேப்டாப்பை ரயிலில் கொண்டுபோகலாம், கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. நான் அங்கும் இங்கும் ஊசலாடினேன்.

ரயிலில் எங்கள் பெட்டியில் பூ கட்டிக்கொண்டே வருகிற ஒரு அம்மா உண்டு. விஷயத்தைச் சொன்னேன். பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டெஸ்க்டாப்புன்றது மாமியா மாதிரி. ஒரு மூலைய புடிச்சிகினா நவராது. லேப்டாப்பு மருமவ மாதிரி. கோச்சிகினா பொட்டிய தூக்கினு பூடும்" என்றாள். பெட்டியே சிரித்தது. எனக்கு அந்த மருமகளைத்தான் பிடித்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா யோசிக்கவே இல்லை.

"பெருசையே வாங்கு."

"ஏம்மா?"

"அத்த தூக்கினு நீ எங்கயும் போவ முடியாதுல்ல."

சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நான் பெங்களூரில் தோழி அறையில் தங்கிவிட்ட சில சனிக்கிழமைகள் இருந்தன. அந்த நாட்களில் டேக்சா மட்டும் போதவில்லை என்பது அவள் கையைப் பார்த்தே எனக்குத் தெரியும். வீட்டில் நான் இருந்தால் அவர் கை கொஞ்சம் தாழும். அம்மா ஒரு மெஷினைக் கேட்கவில்லை. என்னைக் கட்டிப்போட ஒரு கனமான பொருளைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரம், சட்டைக்குப் பித்தான் போட்டபடியே நைனாவும் தீர்ப்பு சொன்னார். "லேப்டாப்பு வோணாம். அத்த நான் செவுத்துல அடிச்சிடுவன்." மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். வேறு யாரோ ஒருவன் செய்யப்போகிற காரியம் போல. "டெஸ்க்டாப்பு வாங்கு. நான் அதுக்கு கூண்டு போட்டு தரேன். அப்பன் வந்தாலும் உடைக்க முடியாது."

எந்த அப்பன் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஆங்கிள் பட்டை வந்தது, கம்பி வந்தது, முன்பக்கம் மானிட்டருக்குக் கெட்டியான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் வந்தது. காற்றுப் போக வலை. வாசலில் வைத்து அவர் பத்த வைக்க, லைனே வேடிக்கை பார்த்தது. "இன்னா மாமா, கரடி எதுனா வாங்கினு வரப் போறியா?" என்றான் ஒருவன். முன்பு மைன்ஸில் வேலை பார்த்த ஒரு தாத்தா, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டை நினைத்து, "கேஜ் ரெடி. பெல்ல அடிச்சா எறக்கிடலாம்" என்றார். நைனா முகமூடியைத் தூக்கிவிட்டு எல்லோரோடும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

நானும் டெஸ்க்டாப்பையே வாங்கி வந்தேன். ப்ளக் பாயிண்ட் இருந்தது அக்கா வீட்டை ஒட்டிய உள் சுவரில். கூண்டு அங்கேதான் வர வேண்டும். அம்மாவின் பலகை இருந்த இடம் அது. பலகையைக் கழற்றினார்கள். டேக்சாவையும் தட்டையும் ஃப்ளாஸ்க்கையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டு அம்மா பூண்டு வாங்கினாள். கூண்டின் போல்ட்டுகளைச் சுவரின் அந்தப் பக்கம் வரை ஓட்டி, அக்கா வீட்டுக்குள் பிளேட் வைத்து நட்டு முறுக்கினார் நைனா. மறுநாளே அக்கா அந்த போல்ட் முனைகளில் துண்டு காயப்போட்டுவிட்டாள்.

அதோடும் அவர் நிற்கவில்லை. கை ருசி கண்டுவிட்டது. மிக்ஸிக்கு ஒரு சின்னக் கூண்டு. பாத்திர ஸ்டாண்டுக்கு ஒரு கேட்டு. உட்கார இரும்பு ஸ்டூல், அதையும் தரையோடு போல்ட் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் தூக்கி அடிக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு காலம் உடைத்தவரே உடையாத வீடு ஒன்றைக் கட்டித் தந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

முதல் சனிக்கிழமை வந்து கூண்டை உதைத்தார். அது கோவில் மணி மாதிரி அதிர்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "இன்னா வெல்டிங்கு பாத்தியா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்த சனிக்கிழமைகளும் அப்படியே போயின. கூண்டை உதைப்பார், திட்டுவார், படுப்பார். நான் அந்தக் கெட்டி பிளாஸ்டிக் வழியாக ஆடினேன். கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பழகிவிட்டது. தகுதிச் சுற்றில் ஒவ்வொரு படியாக ஏறினோம்.

கடைசித் தகுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்றைக்கு நைனா ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பந்தியில் யாரோ, "உன் பொண்ணு நாளெல்லாம் எவன் கூடவோ பேசினு கீதாமே மைக்குல" என்று கேட்டிருக்கிறார்கள். டீமில் எல்லோரும் பெண்கள்தான். ஆனால் குடித்துவிட்டுக் கேட்ட கேள்விக்குக் குடித்துவிட்டுத்தானே பதில் வரும்.

நான் ஹெட்போன் போட்டிருந்தேன். ஆட்டத்துக்குள் வருகிற காலடிகள் எல்லாம் கேட்டன, வீட்டுக்குள் வந்த காலடி கேட்கவில்லை. கூண்டு அதிர்ந்தபோதுதான் திரும்பினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தார். கால் பெருவிரல் நகம் பெயர்ந்து, சிமெண்ட் தரையில் ரத்தம் இழுபட்டது. கம்பியைப் பிடித்து இழுத்தார். மிக்ஸியின் கூண்டை இழுத்தார். பாத்திர ஸ்டாண்டின் கேட்டை இழுத்தார். ஸ்டூலைத் தூக்கப் பார்த்தார். எல்லாம் அவர் செய்த வேலை, எதுவும் வரவில்லை. பிறகு அவர் கை வாசல்படி ஓரம் போயிற்று. டேக்சா இருக்கிற இடம். அங்கே வெறும் காற்றை அந்தக் கை தடவியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

அவர் அம்மாவின் முன்கையைப் பிடித்தார். சாமானைத் தூக்கி அடிக்கிற அதே வீச்சு. அவள் காற்றில் அரை வட்டம் சுற்றி வந்து கூண்டில் மோதினாள். ஆங்கிளின் முனையில் கை பட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அந்தச் சத்தம். அம்மா கத்தக்கூட இல்லை. மூச்சு மட்டும் ஒரு தடவை வெளியே வந்தது. மைக் ஆன் ஆகித்தான் இருந்தது. நான்கு பெண்கள் அதைக் கேட்டார்கள்.

அவர் மறுபடியும் அவளைப் பிடிக்கக் குனிந்தார். கூண்டுக்கு வெளியே என் கையடியில் இருந்தது கீபோர்டுதான். வயரோடு பிடுங்கி அவர் முகத்தில் அடித்தேன். எழுத்துகள் பல் மாதிரி சிதறின. அவர் என் தலைமுடியைப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினார். கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று பரவியது. கூண்டைத் திறக்கிற ஸ்பேனரைக் கயிறு கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தார். என் கை அதைக் கண்டுபிடித்தது. அவர் மணிக்கட்டில் இறக்கினேன். முடி விடுபட்டது. இன்னொன்று இறக்கினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. தோளில் இறங்கியது, முதுகில் இறங்கியது. என்னைப் பின்னாலிருந்து யாரோ கட்டிப் பிடித்தபோதுதான் கை நின்றது. பக்கத்து வீட்டு அக்கா.

"போதும்டி, போதும்" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "செவுரு ஆடுது, பாத்திரம் சத்தமே வரலியே. அதான் ஓடியாந்தேன்."

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கட்டுப் போட்டார்கள், எனக்கு நெற்றியில் தையல். வேறு ஒரு வரிசையில் நைனாவும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுக்கி விழுந்ததாக அம்மா நர்சிடம் சொன்னாள். நர்சு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே எடத்துல எல்லாரும் வழுக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். டீம் அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தது. நான்கு பேரால் ஐந்து பேரை அடிக்க முடியாது. அவர்களிடமிருந்து போனில் வந்தது தோல்விக்கான வருத்தம் இல்லை. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரூமுக்கு வா என்று எழுதியிருந்தாள் ஒருத்தி.

மறுநாள் காலை நைனா குடிக்காத மனுஷனாக இருந்தார். கட்டுப் போட்ட கையோடு கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து, முனைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அம்மா பாயில் சாய்ந்திருந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, பொய் இல்லை. எவ்வளவோ யோசித்தவர் போலச் சொன்னார்:

"தப்பு நட்ந்துச்சு. முனைய அப்டியே வுட்டிருக்கக் கூடாது. சுத்தி ரப்பர் அடிச்சிட்டா அடிபட்டாலும் ஒண்ணும் ஆவாது."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபம்கூட இல்லை அதில். கடையில் ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைக்கிறவள் பார்வை. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அந்த பொட்டிய கழட்டு."

நான் ஸ்பேனரை எடுத்தேன். நைனா தடுக்கவில்லை. எந்த நட்டு மறை கழன்றது, எதை முதலில் திருப்ப வேண்டும் என்றுகூடச் சொன்னார். நான் அவர் சொன்னபடியே கழற்றினேன். மானிட்டரையும் கேபினெட்டையும் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்தோம். அக்கா அம்மாவின் துணிகளை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நைனா படியில் நின்றிருந்தார், டேக்சா வைக்கிற ஓரத்தில்.

ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். இதைக் கொடுத்து லேப்டாப் எடுத்தால் உனக்குத்தான் நஷ்டம், இந்தக் கார்டு அதில் வராது, சூட்டில் திணறும், ரெண்டு வருஷத்தில் ஃபேன் போகும் என்று உண்மையையே சொன்னார். எனக்கும் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெரியது ஒன்று, நல்ல கார்டு, செங்கல் மாதிரி கனம். நான் அதன் மேல் கை வைத்தேன்.

அம்மா முன்னால் வந்தாள். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. இடது கையை நீட்டி அந்தப் பெரியதைத் தூக்கிப் பார்த்தாள், இடுப்புக்கு மேல் ஏறவில்லை, வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சின்னதைத் தூக்கினாள். நெஞ்சு வரை கொண்டுவந்து, இறக்கி, மறுபடி தூக்கினாள்.

"இது போதும்" என்றாள். "என்னாலயும் தூக்க முடியுது."

கடைக்காரர் அவள் கட்டைப் பார்த்தார், என் தையலைப் பார்த்தார். சின்னதையே எடுத்துப் பையில் போட்டார். பையை அம்மாவே மடியில் வைத்துக்கொண்டுதான் ரயிலில் வந்தாள். பூ கட்டுகிற அம்மா அன்று இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

டீமில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள். நான் இப்போது ஆள் குறைகிற நாளில் ஆடுகிறவள். கடைக்காரர் சொன்னது போலவே அது சூடாகிறது, நடுவில் திக்குகிறது, சுட வேண்டிய நேரத்தில் படம் நின்றுவிடுகிறது. செத்துச் செத்துப் பிழைக்கிறேன். அக்கா அவ்வப்போது போன் செய்வாள். போல்ட் இன்னும் அவள் பக்கம் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறதாம், துண்டு காய்கிறதாம். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் கூண்டு அதிர்கிற சத்தம் கேட்கிறதாம், உள்ளே ஒன்றும் இல்லாமலே.

பெங்களூரில் நாங்கள் இப்போது இருக்கிற இந்த அறை சின்னது. மேஜை இல்லை, லேப்டாப் தரையில்தான் இருக்கும். அம்மாவின் கை கூடிவிட்டது, ஆனாலும் வலது கையில் பழைய பலம் இல்லை. காலையில் பெருக்கும்போது விளக்குமாற்றை வலது கையில் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பை இடது கையால் தூக்குவாள். அது இருந்த இடத்தைப் பெருக்குவாள். பிறகு சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே வைப்பாள்.